பழைய வீட்டுக்கு டூ-வே வயரிங்: மதுரையில் செய்துகொண்ட ஒரு வேலையைப் பற்றிய மதிப்பீடு

ஒரே விளக்கை இரண்டு மூன்று இடங்களிலிருந்து போடவும் அணைக்கவும் வசதி செய்யும் டூ-வே வயரிங், புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிய செலவல்ல. பைப் புதைக்கும்போதே கூடுதலாக இரண்டு வயர் இழுத்துவிட்டால் முடிந்தது. மகால் பகுதியில் உள்ள எங்கள் வீட்டைப் போல, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு சுவர் எழுப்பி, தேக்குச் சட்டங்களின் மேல் மெட்ராஸ் டெரஸ் போட்ட வீட்டில் அதே வசதியைப் பிற்பாடு கொண்டுவருவது வேறு கதை. அந்த வேலையை எடுத்துச் செய்த ஒரு மின்கம்பியாளரின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. உதவியாளர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர் அவர். தம் பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும், இதே வேலையைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் தங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும்.

தெருவாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேராக நீளும், அகலம் குறைந்த வீடு இது. நீண்ட நடைக்கு இருந்த விளக்கின் ஸ்விட்ச் ரேழியில் மட்டும் இருந்தது. நடு அறையில் படுக்கும் அம்மா இரவில் எழுந்தால், இருட்டில் வாசல் பக்கம் வந்து விளக்கைப் போட்டுவிட்டு, மறுபடியும் பின்பக்கம் நடக்க வேண்டும். எனவே நடை விளக்கு ரேழி, அம்மாவின் அறை வாசல், பின்கட்டுக் கதவு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எரிய வேண்டும் என்று கேட்டோம். மாடிப்படி விளக்குக்குக் கீழும் மேலும் ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்தது, ஆனால் அதில் தொல்லை இருந்தது. முற்றத்துக்கு அப்பால் உள்ள கழிப்பறை விளக்கை வீட்டுக்குள்ளிருந்தே போட வழி வேண்டும் என்பது மூன்றாவது தேவை.

இந்த மனிதரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது, மாடிப்படி விளக்கில் அவர் செய்த ஆய்வு. கீழ்த்தளத்துக்கு, மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தியதிலிருந்து, மாலையில் படிக்கட்டு விளக்கைப் போட்டவுடன் அது விழுந்து (தானே அணைந்து) கீழ்வீடு முழுவதும் இருண்டுவிடும். இதற்கு முன்பு வந்த ஒரு எலக்ட்ரீஷியன், ஆர்சிசிபிதான் பழுது என்று சொல்லி, அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். உயிரைக் காப்பதற்காக வைத்த கருவியை, அது தன் வேலையைச் சரியாகச் செய்த குற்றத்துக்காக ஒதுக்கி வைத்த அந்தக் காரியத்தைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம்தான் வரும். புதிதாக வந்தவரோ பல்பைக்கூடத் தொடாமல், கீழ் போர்டையும் மேல் போர்டையும் திறந்து வைத்து, எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் அவர் சொன்னது ஒரே வரி: "பேஸ் ஒரு மீட்டர்ல இருந்து வருது, நியூட்ரல் இன்னொரு மீட்டருக்குப் போகுதுண்ணே, ஆர்சிசிபி விழாம என்ன செய்யும்?"

பேஸ் என்பது மின்சாரம் வரும் வயர், நியூட்ரல் அது திரும்பிப் போகும் வயர். மாடியில் தம்பியின் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குத் தனி மீட்டர். அந்தக் காலத்தில் வயர் மிச்சம் பிடிப்பதற்காக, கீழ் ஸ்விட்சுக்குக் கீழ்த்தளத்துப் பேஸையும் நியூட்ரலையும், மேல் ஸ்விட்சுக்கு மாடியின் பேஸையும் நியூட்ரலையும் கொடுத்து, இரண்டு ஸ்விட்சுகளின் காமன் எனப்படும் பொது முனைகளுக்கும் நடுவில் பல்பை மாட்டியிருந்தார்கள். ஒரு ஸ்விட்ச் பேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் பல்பு எரியும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் எரியாது. பார்ப்பதற்கு ஒழுங்காக வேலை செய்யும். ஆர்சிசிபி என்பது வெளியே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. கீழிருந்து போன மின்னோட்டம் மாடி மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், அதன் கணக்கில் அது முழுக்கக் கசிவுதான். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று 230 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் எப்படிப் பார்த்தாலும் 39 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. 30 மில்லி ஆம்பியர் கருவி விழ அதுவே போதும்.

விழுவதுகூடப் பெரிதில்லை. அந்த அமைப்பில் பல்பு அணைந்திருக்கும் இரண்டு நிலைகளில் ஒன்றில், ஹோல்டரின் இரு முனைகளிலும் பேஸ் நிற்கும். விளக்குதான் அணைந்திருக்கிறதே என்று ஏணியில் ஏறிப் பல்பை மாற்றுபவர், தம்மையறியாமல் உயிருள்ள முனையில் கை வைக்கிறார். இரண்டு மீட்டர்களும் வெவ்வேறு பேஸ்களிலிருந்து இணைப்புப் பெற்றிருந்தால் இன்னும் மோசம். இரண்டு ஸ்விட்சுகளும் பேஸ் பக்கம் இருக்கும்போது, பல்பின் குறுக்கே 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டு இணைப்பும் ஒரே பேஸில் இருந்ததால்தான் இத்தனை காலம் தப்பித்திருக்கிறோம். மாடியும் கீழுமாகத் தனித்தனி மீட்டர் வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர்கள், வேறு எதையும் செய்யாவிட்டாலும், படிக்கட்டு விளக்கின் பேஸும் நியூட்ரலும் ஒரே மீட்டரிலிருந்து வருகின்றனவா என்பதை மட்டுமாவது பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

அவர் செய்த மாற்றம் பாடப்புத்தக முறைதான். கீழ்த்தளத்தின் பேஸ் கீழ் டூ-வே ஸ்விட்சின் காமனுக்கு வருகிறது. அதன் மற்ற இரண்டு முனைகளிலிருந்து இரண்டு வயர்கள் மேல் ஸ்விட்சின் இரண்டு முனைகளுக்குப் போகின்றன. மேல் ஸ்விட்சின் காமனிலிருந்து ஒரு வயர் பல்புக்கு வருகிறது. நியூட்ரல் எந்த ஸ்விட்சுக்கும் போகாமல், கீழ்த்தளத்திலிருந்து நேராகப் பல்புக்கு. இதில் நான் பாராட்டுவது, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு சிறு விஷயத்தை. மேல் ஸ்விட்சை மாடியின் பழைய போர்டிலேயே பொருத்தியிருந்தால், மாடி மெயினை அணைத்த பிறகும் அந்தப் போர்டுக்குள் கீழ் மீட்டரின் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்; நாளைக்கு அதைத் திறக்கும் எவருக்கும் அது தெரியாது. ஆகவே பக்கத்திலேயே தனிப் பெட்டி ஒன்று வைத்து, அதன் பிளேட்டுக்குள் "கீழ் மீட்டர் சப்ளை" என்று எழுதி ஒட்டினார். ஆர்சிசிபியும் தன் இடத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு படிக்கட்டு விளக்குக்காக அது விழவில்லை.

நடை விளக்குக்கு மூன்று இடங்கள் என்பதால் நடுவில் இன்டர்மீடியட் ஸ்விட்ச் தேவைப்பட்டது. டூ-வேக்கு மூன்று முனைகள், இன்டர்மீடியட்டுக்கு நான்கு. இரண்டு வயர்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஒரு நிலையில் நேராகவும், மறு நிலையில் குறுக்காக மாறியும் போகும். இரண்டு கோடிகளிலும் டூ-வே, இடையில் எத்தனை வேண்டுமானாலும் இன்டர்மீடியட் என்பதே விதி. கடையில்தான் இது தலைவலி. டவுன்ஹால் ரோடு பக்கம் இன்டர்மீடியட் என்று கேட்டால் டூ-வேயை எடுத்து நீட்டுபவர்களே அதிகம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். பின்பக்கத்தைத் திருப்பி முனைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். நாங்கள் முதலில் பார்த்து வைத்திருந்த மாட்யூலர் வரிசையில் இன்டர்மீடியட் கையிருப்பில் இல்லை. பிளேட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் வேறு வரிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இன்டர்மீடியட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பிளேட்டை அடுத்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. விலையும் ஒன்-வே ஸ்விட்சைப் போலப் பல மடங்கு.

வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் காயில்தான் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். ஒரு எல்இடி பல்புக்கு அத்தனை கனம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். வயரின் கனம் பல்பைப் பார்த்து அல்ல, மின்னோட்டம் அளவு மீறினால் அணைந்து அந்த சர்க்கியூட்டைக் காக்கும் எம்சிபியைப் பார்த்தே முடிவாகிறது என்பதை அவருக்கு இவர் பொறுமையாக விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. வயருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 694 முத்திரை பார்த்து வாங்கினோம். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை, ஸ்விட்சுகளுக்கிடையே ஓடும் இரண்டு வயர்களுக்கு மஞ்சளும் நீலமும் என்று நிறம் பிரித்தார். ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு, பிறகு டெஸ்டரை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு விருந்து.

வயர் போகும் வழியைத் தீர்மானிப்பதுதான் இந்த வீட்டில் உண்மையான சவால். மெட்ராஸ் டெரஸில் செங்கற்களைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதில் பைப் புதைக்கக் கொத்துவது அறிவீனம். எனவே நடை முழுவதும், உத்திரத்தின் பக்கவாட்டில், கண்ணில் படாத விளிம்பை ஒட்டி வயரை மூடிக்கொண்டு போகும் பிவிசி கேசிங் அடித்து, மரத்தின் நிறத்திலேயே வர்ணம் பூசினார். கீழே நின்று பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. ஸ்விட்ச் பெட்டிகளுக்காகச் சுவரில் கீழே இறங்கும் இடங்களில் மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அங்கேதான் குறை. பழைய சுண்ணாம்புப் பூச்சு, கட்டிங் மெஷின் பட்டவுடன் கோடு போட்ட இடத்தில் மட்டும் விடாமல், பக்கத்தில் உள்ளதையும் பாளமாகக் கொண்டு விழுந்தது. அவர் அதைச் சிமென்ட் வைத்து மூடிவிட்டார். சுண்ணாம்பின் மேல் சிமென்ட் ஒட்டாமல் விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு முறை வெள்ளை அடித்த பிறகும் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிகிறது. மின்வேலையில் இத்தனை கவனமாக இருப்பவர், பூச்சு வேலை தம்முடையதல்ல என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை நாங்கள் கூடவே ஏற்பாடு செய்திருப்போம்.

முடித்த பின் அவர் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். மூன்று ஸ்விட்சுகளுக்கு எட்டு நிலைகள் உண்டு. நான்கில் எரிய வேண்டும், நான்கில் அணைந்திருக்க வேண்டும். எட்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு ஸ்விட்சில் காமன் இடம் மாறியிருந்தால், மற்ற ஸ்விட்ச் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் இது வேலை செய்யும், மற்றபடி செத்துக் கிடக்கும். பல வீடுகளில் "டூ-வே சரியாக வரவில்லை" என்று விட்டுவிடுவது இந்தக் கோளாறைத்தான். அணைந்த நிலைகளில் ஹோல்டரில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் பார்க்காமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார். பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் அற்ப மின்சாரத்துக்கும் டெஸ்டரின் நியான் மினுக்கும் என்பதே காரணம்.

அந்த அற்ப மின்சாரம் பிறகு வேறு வடிவில் வந்தது. நடை விளக்கை அணைத்த பிறகும், இருட்டில் பல்பு மங்கலாக மின்னிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கரண்ட் எங்கோ கசிகிறது என்று பயந்தார். கசிவு இல்லை. டூ-வே அமைப்பில், விளக்கு அணைந்திருந்தாலும் இரண்டு ஓட்ட வயர்களில் ஒன்றில் எப்போதும் பேஸ் இருக்கும். மற்றது எதனோடும் சேராமல் பல்பு வரை போய் நிற்கும். நடையின் நீளம் முழுக்க அவை இரண்டும் ஒட்டியே ஓடுவதால், ஒரு மெல்லிய கெபாசிட்டர் போல ஆகி, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் மின்னோட்டம் தாவுகிறது. பழைய குண்டு பல்பு அதை அலட்சியம் செய்யும். எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்கியூட்டோ துளித்துளியாகச் சேர்த்து வைத்து ஒளிரப் பார்க்கும். அவர் வந்து, ஹோல்டரில் பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் ஒன்றை இணைத்ததும் அது நின்றது. இதற்குக் கூலி கேட்கவில்லை. கடையில் கெபாசிட்டர் என்று கேட்டால் 2.5 மைக்ரோஃபாரட் மின்விசிறிக் கண்டன்சரைக் கொடுத்துவிடுவார்கள்; அது இந்த வேலைக்கானதல்ல. மெயின் மின்சாரத்தின் குறுக்கே நிரந்தரமாக இருக்கப்போகும் பொருள் என்பதால், எக்ஸ்2 என்ற குறி அதன் மேல் இருந்தாக வேண்டும்.

முற்றத்துக்கு அப்பால் உள்ள கழிப்பறை விளக்குக்கு வயர் இழுப்பதென்றால், திறந்த வெளியைக் கடந்தாக வேண்டும்; மழையும் வெயிலும் படும். அங்கே மட்டும் வயர் இல்லாத ஸ்விட்ச் வைக்கலாம் என்று சொன்னதும் அவரே. பேட்டரி இல்லாத வகை அது. அழுத்தும் விசையில் உள்ளே உள்ள காந்தமும் சுருளும் உண்டாக்கும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டே ரேடியோ சைகை அனுப்புகிறது. பல்புக்கு அருகில் உள்ள ரிசீவர் அதைப் பெற்று ரிலேயை இயக்குகிறது. சுவரில் ஒட்டினால் போதும், கொத்த வேண்டியதில்லை. முற்றத்தைத் தாண்டிச் சைகை ஒழுங்காகப் போகிறது. ஆனால் மின்தடைக்குப் பிறகு கரண்ட் திரும்பும்போது சில ரிசீவர்கள் விளக்கை அணைத்த நிலையில் வைக்கும், சில பழைய நிலையை நினைவில் வைத்திருக்கும். வாங்கும்போதே எது என்று கேட்க வேண்டும். அழுத்துவதற்கும் சாதாரண ஸ்விட்சைவிடக் கூடுதல் பலம் தேவை. அம்மாவின் விரலுக்கு அது சற்றுக் கடினமாகவே இருக்கிறது.

வீடு முழுவதற்கும் வைஃபை மாட்யூல் வைத்துவிட்டால் இத்தனை வயர் எதற்கு என்று தம்பி கேட்டான். அதை நான் ஏற்காததற்குக் காரணங்கள் உண்டு. அந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலைக் கேட்கும். பிளக் இல்லாத பழைய போர்டுகளில் நியூட்ரலே கிடையாது. இத்தனை தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை பின்கட்டு வரை போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபதைத் தாண்டிய ஒருவர் நள்ளிரவில் எழுந்து விளக்குப் போடுவதற்கு, ரூட்டரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. செம்பு வயரில் ஓடும் டூ-வேக்கு மென்பொருள் புதுப்பிப்பும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. நான்கைந்து இடங்களிலிருந்து ஒரே விளக்கைப் போட வேண்டிய பெரிய வீடுகளுக்கு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் போடுவதும் அணைப்பதுமாக மாறும் இம்பல்ஸ் ரிலே ஒன்றை வைத்து, காலிங் பெல் பட்டன்களை எத்தனை வேண்டுமானாலும் இணையாகச் சேர்க்கும் முறையை அவர் சொன்னார். வயர் மிச்சமாகும் நல்ல யோசனைதான், மூன்று இடங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பயன்பாட்டில் பழக வேண்டியது ஒன்று உண்டு. நம் வீடுகளில் ஸ்விட்சைக் கீழே அழுத்தினால் எரியும், மேலே தள்ளினால் அணையும் என்பது பழக்கம். டூ-வேயில் அந்த அடையாளம் போய்விடும். ஸ்விட்சின் நிலையைப் பார்த்து விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது. மாடியிலிருந்து இறங்காமலே படிக்கட்டு விளக்கு அணைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. தம்பி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒருவர் கீழே போட, இன்னொருவர் மேலே அணைக்க என்று கொஞ்ச நாள் படிக்கட்டில் ஒரே கூத்து.

செலவைப் பொறுத்தவரை, பொருளும் கூலியும் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம் ஆனது. அதில் வயர்லெஸ் ஸ்விட்சும் இன்டர்மீடியட்டும் எடுத்துக்கொண்ட பங்கு அதிகம். கூலி பாயிண்ட் கணக்கு. ஒரு விளக்கு என்றால் ஒரு பாயிண்ட் என்று வீட்டுக்காரரும், ஸ்விட்சுக்கு ஒரு பாயிண்ட் என்று எலக்ட்ரீஷியனும் நினைத்துக்கொண்டு, வேலை முடிந்த பின் வாக்குவாதம் நடப்பது வழக்கம். இவர் தொடங்குவதற்கு முன்பே, இரண்டு இடத்து விளக்கு ஒன்றரைப் பாயிண்ட், மூன்று இடத்து விளக்கு இரண்டு பாயிண்ட், கேசிங்குக்கு அடிக் கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய வயரிங்கைத் தேடிக் கண்டுபிடித்த நேரத்துக்குத் தனிக் கூலி எழுதவில்லை, எழுதியிருந்தாலும் கொடுத்திருப்பேன். தமிழ்நாட்டில் மின்கம்பியாளருக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. இவரிடம் இருக்கிறது, கேட்டவுடன் காட்டினார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நேரம் தவறாமை நடுத்தரம். காலையில் வருவதாகச் சொன்னவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததும் உண்டு. வராத அன்று போன் செய்து சொல்லிவிடும் வழக்கம் மட்டும் இருந்தது. சித்திரைத் திருவிழாவையொட்டி இந்தப் பகுதியில் யாரையும் பிடிக்க முடியாது. எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் சீரியல் லைட்டிலும் பந்தலிலும் இருப்பார்கள். வீட்டு வேலை வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

மின்வேலைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். சுவர்ப் பூச்சுக்கு ஒன்றரைக்கு மேல் இல்லை. பூச்சை உரித்து மறுபடி சுண்ணாம்பில் செய்ய ஒரு கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தச் செலவு மேற்சொன்ன தொகையில் சேரவில்லை.